தாமிரக் கோலின் மகிமை

என் வருங்காலச் சம்பந்தி சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்ததற்குக் காரணம் நான்தான். நான் என்றால், நான் காய்ச்சிய பீர்.

அது பிப்ரவரி மாதத்து ஞாயிறு. எங்கள் ஊர் பிண்டரூவில் அது உச்சிக் கோடை. அந்த மாதம் தகரக் கொட்டகைக்குள் ஒரு முட்டையை வைத்தால் மத்தியானத்துக்குள் வெந்துவிடும். முட்டையே தாங்காத இடத்தில் மூன்று டஜன் பீர் பாட்டில்களை அடுக்கி வைத்த மேதை நான். அக்டோபரில் மகள் லியோனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முதன்முறையாக விருந்துக்கு வந்திருந்தார்கள். வறுத்த ஆட்டுத்தொடையில் நான் கத்தியை வைத்த நேரம் பார்த்துக் கொட்டகையில் முதல் பாட்டில் வெடித்தது. அதைக் கேட்டு அடுத்ததற்கும் ரோஷம் வந்தது. பிறகு ஒன்றுக்கொன்று போட்டி. சம்பந்தி பழைய பட்டாளத்துக்காரர். பழக்க தோஷத்தில் மேசைக்கு அடியில் பாய்ந்துவிட்டார்.

நான் செய்த தப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் பீர் டின் விற்கிறார்கள். உள்ளே தார் மாதிரி மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு. வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சீனி போட்டு, ஆறவிட்டு, கூடவே வரும் ஈஸ்ட்டைத் தூவி, பொங்கி அடங்கும் வரை காத்திருந்துதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். காட்டமாக இருக்கட்டுமே என்று நான் இரண்டு கிலோ போட்டேன். காத்திருப்பது என் குலத்திலேயே கிடையாது.

"லியோனி கல்யாணத்துல ஓடப்போறது என் பீர்தான். கடைச்சரக்கு ஒரு சொட்டு வராது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சொன்னால் சொன்னதுதான். அதனால் எல்லோரிடமும் கேட்டேன்: என் பீர் நல்லாத்தானே இருக்கு?

எங்கள் ஊரில் ஒருவனுடைய மாட்டைக் குறை சொல்லலாம். அவன் பெற்ற பிள்ளையைக்கூடக் குறை சொல்லலாம். அவன் காய்ச்சிய பீரைக் குறை சொல்லக் கூடாது. ஒரு வாய் குடித்து, கண்ணில் வரும் நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லையே!" என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. பக்கத்துப் பண்ணைக்காரன் கெல்வின் அப்படித்தான் சொன்னான். என் மனைவி நோலீன், "நல்லா ஜில்லுன்னு இருக்கு" என்றாள். லியோனி மட்டும், "அப்பா, ஆட்டைப் பார்க்கப் போகணும்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் கால்நடை மருத்துவர். எந்நேரமும் எங்கேயாவது ஒரு ஆடு அவளுக்காகக் காத்திருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் பீர் ஆசான் என்று பேர்போன அம்புரோஸ் ஃபென் எங்கள் ஊருக்கு எழுந்தருளினார்.

வெள்ளைத் தாடி. கழுத்தில், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப் பூக்களைக் கோத்த மாலை. கையில் ஒரு முழத் தாமிரக் கோல். கால்பந்துக் கழகக் கூடத்தில் அன்றைக்கு நிற்க இடமில்லை. நாலு ஊர் வண்டிகள் வெளியே புழுதி கிளப்பின. மழைக்காகப் பாதிரியார் கூட்டிய பிரார்த்தனைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பீருக்கு மாவட்டமே வந்தது.

"மால்ட்டுக்கு உயிர் உண்டு, சகோதரர்களே! டின்னுக்குள்ள அடைச்சதும் அது தூங்கிடுது. தூங்குறதைத் தட்டி எழுப்பணும்!"

நாங்கள் தலையாட்டினோம். டின்னுக்குள் அடைத்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது!

கெல்வினை மேடைக்கு அழைத்தார். அவன் பீரிலேயே ஒரு சின்னக் கிளாஸ். கெல்வின் ஒரு வாய் குடித்தான். முகம் தண்ணீர் குடித்த முகம். ஆசான் கோலை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் முக்கி எடுத்தார். அதில் இருந்தது முழுநிலா அன்று பிடித்த மழைநீராம். கோலின் உச்சியில் 'கண்' என்று ஒரு சின்னத் துளை. எடுக்கும்போதே அதைக் கட்டைவிரலால் பக்தியோடு மூடிக்கொண்டார். கிளாஸுக்குள் விட்டு மூன்று சுற்று, ஒரு முணுமுணுப்பு. கெல்வின் மறுபடி குடித்தான். காது சிவந்தது.

"அடேங்கப்பா! நெஞ்சுக்குள்ள மிதிக்குதுய்யா! வாசனையைப் பாரு!"

கூடம் அதிர்ந்தது. அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்கள் பறந்தன. கூடவே விரதமும் உண்டு: வெள்ளைச் சீனி தொடக் கூடாது, அதற்குப் பதில் மால்ட் தூள்தான், பீர் ஊறும் அண்டாவைக் குளிர்ந்த இருட்டில் வைக்க வேண்டும், குமிழி அடங்கி இரண்டு வாரம் போகும்வரை பாட்டிலில் அடைக்கக் கூடாது. கெல்வின் விரதம் இருந்தான். அவன் பீர் தேறிவிட்டது. எல்லாம் கோலின் மகிமை என்று கோலுக்கு ஒரு உறையே தைத்துப் போட்டான். நான் விரதம் இருக்கவில்லை. கோல் இருக்கும்போது விரதம் எதற்கு? காலையும் மாலையும் கை வலிக்கக் கலக்கினேன். கலக்கியதில் ஒரு புளிப்பு மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

"உங்க நம்பிக்கையில ஓட்டை இருக்கு" என்று தொலைபேசியில் கண்டுபிடித்தார் ஆசான். "கல்யாணத்துக்குன்னா சாதாரணக் கோல் பத்தாது. ராஜகோல் வேணும்."

ராஜகோலின் விலையைக் கேட்டுவிட்டு, என் மீன்பிடிப் படகை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெல்வினிடம் பேசி வைத்தேன். லியோனிக்கு நீச்சலும் தூண்டிலும் கற்றுக் கொடுத்த படகு. அது தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"அடுத்த கூட்டத்துக்கு நானும் வர்றேம்ப்பா" என்றாள். மகளுக்கும் பக்தி வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

ஜூன் மாதம் ஆசான் மறுபடி வந்தார். கூட்டம் இரண்டு மடங்கு. கெல்வின் உறைபோட்ட கோலோடு முதல் வரிசையில். ஆசான் ஆளைக் கூப்பிடும் முன்பே லியோனி மேடையேறிவிட்டாள். கையில் ஒரு கிளாஸ். பழுப்பு நிறம், கொஞ்சம் நுரை.

"ஐயா, எங்கப்பா சரக்கு. கொஞ்சம் எழுப்பி விடுங்களேன்."

ஆசான் முகர்ந்து பார்த்தார். "ஆழ்ந்த தூக்கம், பாவம்" என்றார். ஜாடியில் முக்கு, கண்ணை மூடு, மூன்று சுற்று, முணுமுணுப்பு. கெல்வின் வாங்கிக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"யோவ் மெர்வின்! உன் பீராய்யா இது? காட்டம்னா காட்டம்!"

என் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. வாழ்நாளில் முதல் பாராட்டு.

"அது பீர் இல்ல கெல்வின் மாமா" என்றாள் லியோனி. "மத்தியானம் டின்னைத் திறந்து பாகைத் தண்ணியில கரைச்சேன். ஈஸ்ட்டே போடல. குழந்தைக்குக் கூடக் கொடுக்கலாம். காட்டம் எங்கிருந்து வந்துச்சு?"

கூட்டம் கிளாஸை எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ ஒருவன் கத்தினான்: "பாகுத் தண்ணியையே பீராக்கிட்டாருடா!" ஒரே கைதட்டல், சீழ்க்கை. ஆசான் தாடியைத் தடவி அடக்கமாகச் சிரித்தார். என் மக்களை அப்போது நினைத்துப் பாருங்கள். பிடிபட்ட திருடனை ஆரத்தி எடுத்துத் தோளில் தூக்கப் போனார்கள். தூக்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

லியோனி அசையவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை கலக்குங்க ஐயா. ஆனா அந்தக் கட்டைவிரலை எடுத்துட்டு."

"கண்ணைத் திறந்தா சக்தி ஓடிடும்மா!" என்றபடி ஆசான் பழக்கத்தில் கோலை மறுபடி ஜாடியில் முக்கி, கண்ணை விரலால் மூடியே எடுத்தார்.

"ஓடட்டும். எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பார்ப்போம். ஆட்டுக்கு மருந்து ஊத்த நானும் குழாயில இப்படித்தான் மேல விரலை வெச்சு எடுப்பேன், விரலைத் தூக்கினா மருந்து இறங்கிடும். என் ஆடுங்க எதுவும் என்னை ஆசான்னு கூப்பிட்டதில்ல."

"பெண்களோட பார்வை பட்டா..." என்று ஆரம்பித்தவர் பின்வாங்கி மேசையில் இடித்துக்கொண்டார். விரல் நழுவியது. கோலின் நுனியிலிருந்து சக்தி ஒரு மெல்லிய தாரையாக ஒழுகி அவர் காற்சட்டையை நனைத்தது. முதல் வரிசை முழுக்கச் சாராய வாடை. கெல்வின் ஜாடியை எடுத்து முகர்ந்தான். ஒரு மடக்கும் குடித்தான், ஐயம் தீர.

"மழைத்தண்ணியாய்யா இது? எந்த நாட்டுல பெய்யுது இந்த மழை? சொல்லு, நான் குடிபோறேன்! சுத்தச் சாராயம், ஹாப் எண்ணெய் விட்டது!"

அவன் தன் கோலை உறையிலிருந்து உருவித் துளையைத் தேடினான். துளையே இல்லை. எங்களுக்கு விற்றதெல்லாம் கெட்டிக் கம்பி. ஏமாற்றுவதற்கும் ஆகாத கோல்.

ஆசான் பின்வாசல் வழியாகக் கிளம்பப் பார்த்தார். அங்கே நோலீன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோருடைய பணமும் திரும்பி வந்தது.

"ஆனா என் பீர் நெசமாவே தேறுச்சேம்மா" என்று முனகினான் கெல்வின். உறையை விட மனசு வரவில்லை.

"தேறினது விரதத்தால மாமா. சீனி இல்ல, சூடு இல்ல, அவசரம் இல்ல. அடுத்த தடவை ரெண்டு அண்டா வைங்க. ஒண்ணுல கோல் போடுங்க, ஒண்ணுல போடாதீங்க. எது எதுன்னு சொல்லாம மத்தவங்களுக்கு ஊத்திக் குடுங்க. செம்மறியாடு கூட முன்னாடி போற ஆட்டைப் பார்த்துத்தான் போகும். ஆனா வாயை வைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பார்க்கும்."

லியோனி வண்டியை ஓட்ட, வீடு திரும்பினோம். வழியில் எங்கள் படகு கெல்வின் வீட்டு முற்றத்தில் நின்றது. பணம் இன்னும் கைமாறவில்லை; நாளைக்கு இழுத்து வர வேண்டும்.

"அவரை மட்டும் அவ்வளவு பச்சையாக் கேட்டியே லியோனி. என் பீரைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லையே. நல்லாத்தானே இருக்கு?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டியைப் புளிச்ச ஆப்பிள் சாறுல ஊறவெச்ச மாதிரி இருக்குப்பா. ரெண்டு கிலோ சீனி காட்டத்தை ஏத்துச்சு, ருசியைக் கொன்னுடுச்சு. மிச்சத்தைத் தகரக் கொட்டகை கொன்னுச்சு. அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கு. சீனியை விடுங்க, மால்ட் தூள் போடுங்க, குளிர்ந்த இடத்துல வெச்சுட்டு மறந்துடுங்க. கல்யாணத்துல உங்க பீரைத்தான் முதல்ல குடிக்கணும்னு எனக்கும் ஆசைதான்."

"இத்தனை பேரைக் கேட்டேனே. ஒருத்தரும் சொல்லலியே!"

"நீங்க எல்லார்கிட்டயும் 'நல்லாத்தானே இருக்கு'ன்னுதான் கேட்டீங்க. 'என்ன தப்பு'ன்னு ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீங்களா? அந்தக் கேள்வியைக் கேட்காத ஊருக்குத்தான்ப்பா கோல் தூக்கிக்கிட்டு ஆள் வருவான்."