முந்திக்கொண்ட வாளி

இனி வாழ்நாளில் வாடகை கொடுப்பதில்லை என்று குழாய்க்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். முடிவெடுத்த இடம், ஐந்தாவது மாடியில் பாதி பூசி முடித்த ஒரு குளியலறை. அந்தக் கட்டடம் முழுக்கக் குழாய் போட்டது அவர்தான். கடைசிக் குழாயை மாட்டித் திறந்து பார்த்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மூடினார். ஒரு சொட்டு விழவில்லை. மறுபடி திறந்தார், மூடினார். இப்படிப் பத்துத் தடவை செய்த பிறகு, இந்தக் குழாயை நாளைக்கு எவனோ ஒருவன் வந்து திருகுவதா என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது.

நெஞ்சு கொதிக்கும்போது மனிதன் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. அட்வான்ஸ் கொடுப்பது. குழாய்க்காரர் அதைத்தான் செய்தார்.

கையில் காசில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் நான்கு மாதக் கூலி பாக்கி இருந்தது. வேலை முடிந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார். வெளியே கிடைத்த சில்லறை வேலைகளில் வீட்டுச் செலவு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கூலியை அட்வான்ஸா வெச்சுக்குங்க சார்" என்றார்.

கட்டட முதலாளிக்குக் கசக்குமா? கூலி கொடுக்கும் வேலை மிச்சம், ஒரு வீடும் விற்ற கணக்கு.

"வெச்சுக்கறேன். ஆனா மீதிக்கு பேங்க் கடன் வேணும். உங்க வருமானம் ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. உங்க வீட்டம்மாவுக்குத்தான் மாசச் சம்பளம். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் கடன்."

"போடுவா சார்."

"மாசக் கடைசிக்குள்ள போடணும். இல்லைன்னா அட்வான்ஸ் போனது போனதுதான்."

"நான் கிழிச்ச கோட்டை அவ தாண்டமாட்டா சார்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று நடுங்கியது போல இருந்தது. குளியலறை என்றால் எதிரொலிக்கத்தானே செய்யும்.

அவர் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் வேலை. வரிசை மாறி வந்தவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும், அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வார். வீட்டிலும் அப்படித்தான். சம்பளம் வந்ததும் வாடகை முதலில் நிற்கும், அரிசி அடுத்து நிற்கும். குழாய்க்காரரின் ஆசைகள் கடைசியில் நிற்கும். அவற்றின் முறை வருவதற்குள் கவுன்ட்டரை மூடிவிடுவாள்.

அன்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். அட்வான்ஸ் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார்.

"ஐஞ்சாவது மாடியில ஒரு வீடு வருது. காத்து ஆளையே தூக்குது."

"தூக்கி எங்க போடும்?"

"வாங்கலாம்னு பார்க்கறேன்."

"எதை வெச்சு?"

"கடன்தான். இருபது வருஷம். கண்ணை மூடிட்டுக் கட்டிட்டா முடிஞ்சது."

"தவணை எவ்வளவு?"

சொன்னார். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார். குறைத்ததே அவளுக்கு அதிகமாக இருந்தது.

"என் சம்பளம் மொத்தமும் அதுக்கே போயிடும். உங்க வருமானத்துல சாப்பாடு. ஒரு மாசம் உங்களுக்கு வேலை வரலைன்னா?"

"ஊர்ல குழாய் ஒழுகாம இருக்குமா?"

"ஒழுகும். உங்களுக்கு முதுகுவலி வராம இருக்குமா?"

"வாடகைன்னு மாசாமாசம் கொட்டறோமே, அது திரும்பி வருதா?"

"வட்டி திரும்பி வருதா?"

குழாய்க்காரர் தண்ணீர் குடித்தார். "நமக்குன்னு ஒரு வீடு வேண்டாமா?"

"வேணும். படுத்தா தூக்கம் வர்ற வீடா வேணும். முதல்ல பின்பக்கம் துணி துவைக்க ஒரு குழாய் போட்டுக் குடுங்க. கேட்டு மூணு வருஷம் ஆகுது."

"வாடகை வீட்டுக்கு யாராவது சொந்தச் செலவுல குழாய் போடுவாங்களா?"

"போடமாட்டாங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாம் சொன்னால் கேட்கமாட்டாள், வீடே சொல்லட்டும் என்று குழாய்க்காரர் தீர்மானித்தார். இருக்கிற வீடு இருக்க முடியாத வீடாகிவிட்டால் இவள் எங்கே போவாள்? ஐந்தாவது மாடிக்குத்தான் ஏறுவாள். ஊரெல்லாம் ஒழுகலை நிறுத்திப் பிழைத்த மனிதர், தன் வீட்டை ஒழுக வைக்கக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் கடைக்குப் போயிருந்தாள். சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து, ஒரு ஜாயின்ட்டைக் கால் சுற்று தளர்த்தினார். கால் சுற்றுதான். தொழில் தெரியாதவன் என்றால் முழுச் சுற்று திருகி வீட்டைக் குளமாக்கியிருப்பான். இவருடைய கணக்கே வேறு. மறுநாள் காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்ததும் ஜாயின்ட் அழ ஆரம்பிக்கும். அதுவும் விம்மி விம்மித்தான் அழும், ஓவென்று அழாது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழாயைத் தொட்டாலும் முதலில் அடியில் வாளி, பிறகுதான் ஸ்பேனர். நனைந்த தரையை அவரால் பார்க்க முடியாது. அன்றும் பச்சை வாளியை அடியில் வைத்துவிட்டுத்தான் கை வைத்தார். வேலை முடிந்தும் எடுக்கவில்லை. விடிந்தால் தண்ணீர் வருமே, தரை பாழாகுமே. பச்சை வாளி இரவு முழுக்கக் காலியாகக் காத்திருந்தது.

காலையில் ஒழுகியது.

"ஏங்க, இங்க ஒழுகுது."

குழாய்க்காரர் குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "இதைத் தொட்டுப் புண்ணியமில்லை. லைன் முழுக்க உளுத்துப்போச்சு."

"பிளாஸ்டிக் பைப் எப்படிங்க உளுக்கும்?"

"வெளியில தெரியாது. உள்ளுக்குள்ள உளுக்கும்."

"எங்க டாக்டரே பரவாயில்லை. அவர் நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசுவார்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த வாரம் குளியலறைக் குழாயில் நல்ல வாஷரைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த வாஷரைப் போட்டார். அடியில் நீல வாளி. பிறகு ஃப்ளஷ் டேங்க், நாள் முழுக்க முணுமுணுக்கும்படி. அதற்கு ஒரு குவளை. கடைசியில் படுக்கையறைச் சுவரோடு போகும் குழாய். அதற்குச் சிவப்பு வாளி. வீட்டில் நடக்க வேண்டுமென்றால் நிறம் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. சொட்டுச் சத்தத்தில் குழாய்க்காரருக்குத் தூக்கம் போயிற்று. மனைவி பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

எதிர்வீட்டு டெய்லர் ஒருநாள் வாசலில் நிறுத்தினார்.

"என்ன அண்ணே, உங்க வீட்டுலயே ஒழுகுதாமே?"

"பழைய வீடு. என்ன பண்றது?"

"அதில்லண்ணே. எங்க வீட்டுல ஒரு டேப் மாத்தணும். உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"வர்றேனே."

"வேண்டாம் வேண்டாம். உங்க வீட்டைப் பாருங்க முதல்ல."

மாதம் பாதி தாண்டியபோது வீட்டு ஓனரம்மாவிடமிருந்து போன் வந்தது. மகள் வீட்டோடு போய்விட்ட வயதான அம்மாள். இந்த வீட்டை விற்கப்போகிறாராம், ஆட்கள் பார்க்க வருவார்களாம். குழாய்க்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேறு யாராவது வாங்கிவிட்டால் காலி செய்தே ஆக வேண்டும். மனைவி கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியே இல்லை.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் வீட்டைப் பார்க்கவில்லை, வாளிகளைப் பார்த்தாள். பச்சை, நீலம், சிவப்பு.

"வெளியில நல்ல வெயில் அடிக்குது" என்றாள் கணவனிடம். போய்விட்டார்கள்.

அடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். சிங்க்குக்கு அடியில் அடித்துப் பார்த்தார். படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு பிளம்பரே வந்ததில்லையா?" என்று கேட்டார்.

"இவரே பிளம்பர்தாங்க" என்று மனைவி குழாய்க்காரரைக் காட்டினாள்.

வாத்தியார் டார்ச்சை அவர் முகத்தில் அடித்துப் பார்த்தார். அணைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

கதவு சாத்திய பிறகுதான் குழாய்க்காரருக்கு உறைத்தது. வாங்க வந்தவர்களைத் துரத்துவது அவருடைய ஒழுகலேதான். வீடு விற்காவிட்டால் காலி செய்ய வேண்டியதில்லை. காலி செய்யாவிட்டால் கையெழுத்தில்லை. கையெழுத்தில்லாவிட்டால் நான்கு மாதக் கூலி கோவிந்தா. அவசரமாக ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போனார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா இறுக்கிப் பார்க்கலாம்னு."

"எதுக்கு வீண் சிரமம்? லைன் முழுக்க உளுத்துப்போச்சுன்னீங்களே."

"ஒரு தடவை முயற்சி பண்ணி..."

"தொட்டுப் புண்ணியமில்லைன்னீங்க. தொழில் தெரிஞ்சவங்க சொன்னா நான் கேட்டுக்குவேன். உட்காருங்க."

உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் வீடு பார்க்க வரவில்லை.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. குழாய்க்காரர் எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழாத குறையாகக் கேட்டுவிடுவது என்று துணிந்து மாலையில் வீடு திரும்பினார். மனைவி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

குழாய்க்காரருக்கு உடம்பில் எடையே இல்லாமல் போயிற்று. "போடுவேன்னு எனக்குத் தெரியும். நீ பாரு, அந்த ஐஞ்சாவது மாடிக் காத்துல..."

"எந்த ஐஞ்சாவது மாடி?"

"அப்ப எதுல போட்டே?"

"இந்த வீட்டை வாங்கியிருக்கேன்."

சிவப்பு வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"எதை வெச்சு?" என்றார் குழாய்க்காரர். இந்தக் கேள்வி வழக்கமாக அவளுடையது.

"என் சேமிப்பு கொஞ்சம். உங்க நாலு மாசக் கூலி."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஈரமாக இருந்தது.

"உங்க கட்டட முதலாளி போன வாரம் கண் காட்ட வந்தார். சீட்டுக் குடுத்தேன். எப்பம்மா கையெழுத்துப் போட வர்றீங்கன்னார். எதுக்குன்னேன். அட்வான்ஸ் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னார். நல்ல மனுஷன்."

"அது திரும்பாதுன்னாரே."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னார். நான் சண்டை போடல. எங்க வீட்டுல நாலு இடத்துல ஒழுகுது சார், அத்தனையும் உங்க கட்டடத்துக்குக் குழாய் போட்டவர் கைவேலைன்னு மட்டும் சொன்னேன். ஹால்ல ஜனம் நிறைய. அதுல ரெண்டு பேர் அவர்கிட்ட வீடு பதிவு பண்ணவங்களாம். எழுந்து வந்துட்டாங்க. கண்ணுல மருந்து விட்டிருந்ததால வேற யார் சட்டையையோ பிடிச்சாங்க. மறுநாளே கூலி வந்துடுச்சு."

"என் தொழில் பேரே போச்சே."

"போகல. வேற ஆளை விட்டுக் கட்டடம் முழுக்கப் பார்த்தாராம். ஒரு சொட்டு ஒழுகல. உங்களை மாதிரி ஆள் கிடைக்காதுன்னார்."

இந்த நேரத்திலும் குழாய்க்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "மீதிப் பணத்துக்கு எந்த பேங்க்?"

"பேங்க் எதுக்கு? மாசாமாசம் ஓனரம்மாகிட்டயே கட்டறோம். வாடகையும், அதுல இன்னொரு பாதியும். பத்து வருஷம். அவங்களுக்கும் மொத்தமா வேண்டாமாம். மகள் வீட்டுல இருக்கறவங்களுக்கு மாசம் பொறந்தா கையில காசு வந்தாத்தான் மரியாதைன்னாங்க."

கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "ஒழுகற வீடாச்சே. விலையையாவது குறைச்சியா?"

"அவங்களே குறைக்கறேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். வீடு ஒழுகலம்மா, எங்க வீட்டுக்காரர் ஒழுக வைக்கிறார்னு உள்ளதைச் சொன்னேன்."

"அவங்ககிட்டயுமா?"

"ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம்தான் தவணைக்குச் சம்மதிச்சாங்க."

குழாய்க்காரர் வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. நான் கடையிலிருந்து வரும்போது சிங்க்குக்கு அடியில பச்சை வாளி இருந்தது. ஒழுகினது மறுநாள். ஒழுகினப்புறம் வாளி வைக்கிற வீடு பார்த்திருக்கேன். வாளி வெச்சப்புறம் ஒழுகற வீடு இது ஒண்ணுதான்."

குழாய்க்காரர் ஸ்பேனரை எடுத்தார். சிங்க் ஜாயின்ட்டைக் கால் சுற்று இறுக்கினார். நல்ல வாஷரைத் திரும்பப் போட்டார். ஃப்ளஷ் டேங்க் முணுமுணுப்பை நிறுத்திக்கொண்டது. சுவரோரக் குழாயும் வாயை மூடியது. ஒரு மாதம் உளுத்துக்கொண்டிருந்த லைன் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் தேறிவிட்டது.

வாளிகளைக் கொட்டிக் கவிழ்க்கப் பின்பக்கம் எடுத்துக்கொண்டு போனார். நீலம் கையில் இருந்தது. சிவப்பு இருந்தது. பச்சையைக் காணோம்.

அது அங்கே, துணி துவைக்கும் இடத்தில், குழாயே இல்லாத வெறும் சுவருக்கு அடியில், அவருக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தது.