பதினேழாம் சோதனையைத் தூக்க மாட்டேன்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அண்ணிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. என் மனசு எரிவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேண்ணா"ன்னு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாதல்லவா?

நேற்று நீ சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. "அந்த ஒரு டெஸ்டைத் தூக்கிட்டு பில்ட் போடுண்ணா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றாயே, உனக்கு எப்படி வாய் வந்தது? மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். இறக்கை கோணல் என்று, வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கும்போதே முந்நூறு விசிறியைத் திருப்பி அனுப்பியவன். என்கிட்டயா?

எங்கள் குடியிருப்பின் கதை உனக்குத் தெரியும். இருபத்து நாலு வீட்டுக்குக் கீழே துவைக்கும் அறையில் இரண்டே மெஷின். நோட்டில் பெயர் எழுதி முறை வைத்தார்கள். முதலில் பேனா காணாமல் போனது, பிறகு பேனாவைக் கட்டியிருந்த நூல், கடைசியில் நோட்டே போய்விட்டது. அதனால்தான் முறை பதிகிற இணையச் செயலியை நான் எழுத ஆரம்பித்தேன். நீயும் கறுப்புத் திரையில் அடிக்க மூன்று கட்டளை எழுதிக் கொடுத்தாய். டெவ் அடித்தால் செயலியை என் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம், டெஸ்ட் அடித்தால் செயலி சரியாக நடக்கிறதா என்று நான் எழுதிவைத்த நாற்பத்தொரு சோதனையும் ஓடும், தேறினது பச்சை, தேறாதது சிவப்பு, பில்ட் அடித்தால் எல்லோருக்கும் வெளியிட மூட்டை கட்டிக் கொடுக்கும். டெஸ்ட் முழுக்கப் பச்சையாகாமல் பில்ட் நகரக் கூடாது என்று முடிச்சுப் போடச் சொன்னவனும் நான்தான்.

பட்ட பாட்டைக் கேள். டெவ் காட்டிய முகவரியைப் பெருமையாக அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டேன். அது என் கணினிக்குள் மட்டும் திறக்கிற முகவரி என்று எனக்கென்ன தெரியும்? பதினொரு பேர் போனும் கையுமாகக் கதவைத் தட்டினார்கள். அதை ஒரு வழியாகச் சமாளித்து நாலு பேருக்கு மட்டும் முன்னோட்டம் காட்டினால், இரண்டாம் மாடித் தையற்காரர் முடிந்துபோன செவ்வாய்க்கிழமையைப் பதிந்துவிட்டு "என் முறை போச்சு, பதில் சொல்லுங்க"ன்னு சண்டைக்கு வந்துட்டார். கடந்துபோன நாளை இனி எவனும் பதிய முடியாது என்று உடனே ஒரு விதி போட்டேன். அன்றைக்கு நாற்பத்தொன்றும் பச்சை. போன சனிக்கிழமை வரைக்கும் பச்சை. ஞாயிறு காலையில் டெஸ்ட் அடிக்கிறேன், பதினேழாவது சிவப்பு! நடுவில் நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடலடா.

மூன்றாம் மாடி நர்ஸம்மா காலை ஏழு மணிக்கு மெஷின் கேட்டால் கிடைக்க வேண்டும், அதுதான் பதினேழாவது. செயலி மாட்டேன் என்கிறது. இரவு வேலை முடிந்து வருகிறவளுக்கு அந்த ஒரு மணியை விட்டால் வேறு நேரம் ஏது? ஐந்து நாளாக வரி வரியாகத் தேடுகிறேன். இதற்குள் குடியிருப்புச் சங்கக் காரியதரிசி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டம் சார். ஒண்ணுதானே சிவப்பு, அதை அழிச்சிடுங்க. இல்லேன்னா வேலையை வெளியாள் கம்பெனிக்குக் கொடுத்துடறேன்" என்றார்.

"அந்த ஒண்ணு நர்ஸம்மா சார். அவங்களையும் அழிச்சிடலாமா?" என்றேன். மனுஷன் படியிறங்கிப் போய்விட்டார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, தம்பி? ஓய்வு பெற்ற பிறகு என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிற வேலை இது ஒன்றுதான். இது போனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ரொம்பவே இருக்கும். ஆனாலும் பொய்ப் பச்சைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். யார் வந்து நின்றாலும் சரி, பதினேழு பச்சையாகாமல் பில்ட் கிடையாது. நான் எழுதிய செயலியில் ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன், தேவைப்பட்டால் ஆறு மாசம் ஆகட்டும். வெளியாள்தான் வேண்டும் என்றால் தாராளமாக வரட்டும் என்று ராஜினாமாவை ஒன்றரைப் பக்கம் எழுதி, காரியதரிசி வீட்டுக் கதவுக்கு அடியில் இப்போதுதான் தள்ளிவிட்டு வந்தேன்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, குறுக்கு வழி சொல்லாதவர்களாக வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கும்தான், கோபம் தீர்ந்த பிறகு.

இப்படிக்கு,
யாருக்கும் வளையாத உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடிக்கும்போது உன் அண்ணி டீயோடு வந்தாள். திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன, நர்ஸம்மா பதினாலாம் தேதிக்குக் கேக்கறாங்க? இன்னிக்குப் பத்தொம்பது ஆச்சே" என்றாள். அந்தத் தேதியைச் சோதனைக்குள் எழுதியவன் நான். கடந்துபோன நாளைப் பதியக் கூடாது என்று விதி போட்டவனும் நான். செயலி என் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறது, கோணல் சோதனையில்தான். தேதியை "நாளை" என்று மாற்றினேன், நாற்பத்தொன்றும் பச்சை, பில்ட் அரை நிமிஷத்தில் முடிந்தது. காரியதரிசி சந்தைக்குப் போயிருக்கிறாராம், இன்னும் வரவில்லை. ராஜினாமாவின் ஒரு முனை மட்டும் கதவுக்கு வெளியே தெரிகிறது. உன் அண்ணி சமையலறை இடுக்கியோடு குனிந்திருக்கிறாள், நான் படிக்கட்டில் காவல் நிற்கிறேன். கடிதம் வந்து சேர நேரமில்லை, இந்தப் பக்கத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்; பார்த்ததும் அவருக்குப் போன் போட்டு ஒரு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருடா, மீட்டிங் இருந்தாலும் பரவாயில்லை.