சனிக்கிழமை மத்தியானச் சங்கு

ஆர்வில் டாக்கெட் அன்று காலையில் சபதமே எடுத்துவிட்டான். மாமியார் இந்த வீட்டில் குடியேறினால் அவன் ஓக்லஹோமாக்காரனே இல்லை!

பின்னே என்ன? விருந்துக்கு வந்த பெர்னீஸ் இனி அலபாமா திரும்பப் போவதில்லை, இங்கேயே இருந்துவிடப் போகிறாள் என்று மனைவி நாடின் போகிற போக்கில் சொல்கிறாள். அவனைக் கேட்டார்களா? அவன் கையால் கூரை போட்ட வீடு!

"சுழற்காற்று அடிக்கிற ஊர்லயா உங்க அம்மாவை வைக்கப் போறே? பெத்தவ மேல பாசம் வேணாமாடி?"

"அலபாமாவுல மட்டும் தென்றலா வீசுது?"

"நம்ம ஊரு மாதிரி வருமா?"

"எண்ணிப் பாத்தா டெக்சாஸ்லதான் அதிகமாம்."

"அது இருக்கிற பரப்புக்கு வரத்தான் செய்யும்! அளவு பாத்துப் பேசு. அப்போ முன்னாடி நிக்கிறது நாமளும் கான்சஸும்!" ஆர்விலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மாநிலத்துக் காற்றை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

"சரி, பெருமையா இருந்துட்டுப் போங்க. உசுரு அதிகமாப் போறது அலபாமாப் பக்கம்தான். ராத்திரியில வருது, மரம் மறைச்சுக்குது. அம்மா இருக்கிறதோ தகரப் பெட்டி மாதிரி ஒரு வீடு. இங்கன்னா தூரத்துலயே தெரியும், பதுங்க நிலவறையும் இருக்கு. அந்தச் சாவியைக் குடுங்கன்னா குடுக்கறீங்களா?"

"உள்ளே பூராவும் சிலந்தி. நீ பயந்துடுவே."

சிலந்தியாவது, மண்ணாவது! தோட்டத்து நிலவறைக்குள் அவனுடைய சாய்வு நாற்காலி, குட்டி ஃப்ரிட்ஜ், சுவரையே அடைக்கிற டிவி எல்லாம் இருந்தன. சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்க உலகத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். சிலந்தி அடிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் வாரா வாரம் இறங்குவான்.

மாமியாரை விரட்ட அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஊரில் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு அபாயச் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். நாய்கூடத் தலை தூக்காது. நிஜமாகவே ஊதினாலும் ஆண்பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தை வேடிக்கை பார்க்கிற ஊர் அது. வியாழக்கிழமை வந்து இறங்கிய பெர்னீஸுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

சங்கு ஊதியது. ஆர்வில் அலறினான். "அத்தே, ஓடுங்க! வந்துடுச்சு!"

"வெயில் பளிச்சுன்னு அடிக்குதே மாப்ளே?"

"அதுதான் ஆபத்து! இங்க அப்படித்தான் வரும்!"

"பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிட்டிருக்காரே?"

"அவன் டெக்சாஸ்காரன், அவனுக்கு என்ன தெரியும்!"

பெர்னீஸ் தலையணையையும் பின்னல் பையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். ஆகா, என்ன பயம்! ஆர்வில் பூரித்துப்போனான். அந்தப் பூரிப்பில் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டு விளக்கையும் போட்டான். பின்னாலேயே நாடின் சூடு ஆறாத பீச் பழப் பலகாரமும் இரண்டு முள்கரண்டியுமாக நிதானமாக இறங்கி வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"சிலந்திங்க நல்லா வசதியாத்தான் வாழுதுங்க."

பெர்னீஸ் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "அடேயப்பா! இப்படி ஒரு இடம் இருக்கையில எனக்கென்ன பயம்?"

"சங்கு நின்னுடுச்சு அத்தே, மேலே போலாம்."

"அதெப்படி? வெயில் அடிச்சாத்தான் ஆபத்துன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சும்மா ஊதிப் பார்க்கிற சங்குதான் என்று சொல்லலாம். சொன்னால் அவன் பொய்யன். சொல்லாவிட்டால் நாற்காலி போயிற்று. இது எந்த ஊர் நியாயம்? அவன் முழித்துக்கொண்டிருக்கும்போதே நாடின் கதவிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள்.

"சனிக்கிழமைச் சங்கைப் பத்தி அம்மாகிட்ட வந்த அன்னைக்கே சொல்லிட்டேங்க," என்றாள். "நீங்க இப்படித்தான் பண்ணுவீங்கன்னும் சொன்னேன்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானமும் சங்கு ஊதியது. நிலவறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆர்வில் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"மாப்ளே," என்று குரல் வந்தது, "நீங்க வாசல்ல நின்னு வானத்தைப் பாருங்க. ஸ்கோரை நான் சொல்றேன்."