உன் மருமகள் சொன்ன ‘சரி’

ஆண்டவருக்குள் அன்பும், என்மேல் மட்டும் தீராத கோபமும் உள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி, அவளுடைய முழங்கால் வலி மூவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் மருமகளுக்கு, அதுதான் என் மகளுக்கு, நிச்சயமாகிவிட்டது. முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடி. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன், விஷயம் என் பக்கமே தங்கிவிடும். அதனால்தான் கடிதம்.

முதல் சம்பந்தம் முறிந்தது உனக்குத் தெரியும். எல்லாம் பேசி முடித்த பிறகு, “பொண்ணு ரொம்ப ஜெபம் பண்ணுது, எங்களுக்குச் சரிப்படாது” என்று சொல்லியனுப்பினார்களே, அது. ஜெபம் பண்ணுகிற பிள்ளை வேண்டாமென்று சொன்னவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. மருந்துக்கடை வேலைக்குப் போனாள், வந்தாள், சபையில் கீபோர்டு வாசித்தாள். அதற்குப் பிறகு எந்த வரனைச் சொன்னாலும், “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்ப்பா” என்பாள். அவ்வளவுதான், பதில் வராது. ஆண்டவர் பேசவில்லையா, இவள் கேட்கவில்லையா என்று தெரியாமல் நானும் அவளுடைய அம்மாவும் சோறு இறங்காமல் கிடந்தோம்.

இந்த நிலையில்தான் எங்கள் சபையின் மைக் கெட்டது. போதகர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கும்போதெல்லாம் அது குக்கர் மாதிரி விசிலடித்தது. சரிபார்க்க ஒரு மைக்செட்காரர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு நேரே இவளிடம் போய், “சிஸ்டர், உங்க கீபோர்டு வயர்தான் பிரச்சினை” என்றார். இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். “பிரதர், நான் இங்க வாசிக்க வந்த நாள்லேருந்து இதே வயர்தான்.” “அதேதான் சிஸ்டர் பிரச்சினை.” நான் கடைசி வரிசையில் இருந்தேன், அக்கா. அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தாள். வயரை மாற்றியதும் விசில் நின்றது. மைக்செட்காரர் மட்டும் நிற்கவில்லை. வாராவாரம் வந்து ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்து, கெடாத சாமானையெல்லாம் ரிப்பேர் செய்துகொடுத்தார்.

பிறகு ஒருநாள் வீட்டுக்கே வந்தார். “அங்கிள், உங்க மகளோட பேசிப் பழகிப் பார்க்கணும்னு ஆசைப்படறேன். ஆனா முடிவு தெரியற வரைக்கும் தனியா எங்கயும் போறதில்லைன்னு எனக்குள்ள ஒரு தீர்மானம் இருக்கு. நீங்க கூட வரணும்.” இவள் உள்ளேயிருந்து, “எனக்கும் அதுதான் சரின்னு படுதுப்பா” என்றாள். ஊரெல்லாம் பிள்ளைகள் அப்பனுக்குத் தெரியாமல் பழகுகின்றன. எனக்கு வாய்த்தவர்கள் அப்பன் இல்லாமல் பழகமாட்டோம் என்கிறார்கள்! வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராகப் பின்னாலேயே நின்றவன் ஓய்வுபெற்ற பிறகும் பின்னாலேயே போனேன். காபிக்கடைக்குப் போனால் இரண்டு பேரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். யார் முதலில் ஆமென் சொல்வது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து என் காபி பச்சைத் தண்ணீராகிவிடும். பூங்காவுக்குப் போனால் யோபுவின் பாடுகளைப் பற்றிப் பேச்சு. என் பாடுகளை யார் பேசுவது? எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது அந்த பிரதர், சிஸ்டர்தான். அண்ணன் தங்கச்சியாகவே முடிந்துவிடுமோ என்று ஒவ்வொரு ‘சிஸ்டரு’க்கும் நான் தனியாக ஒரு ஜெபம் பண்ணினேன்.

ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தோம். பாதை குறுகல். அவர் வலது பக்கம், இவள் அவருக்கு இடது பக்கம், நான் வழக்கம்போல் பின்னால். அவர் தொண்டையைக் கனைத்து, “உங்களை சிஸ்டர்னு கூப்பிடறதை நிறுத்திக்கலாம்னு பார்க்கறேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்றார். இவள் ஏரியைப் பார்த்தபடியே மெதுவாக, “சரி” என்றாள். என் இரண்டு காதாலும் கேட்டேன், அக்கா! ஸ்தோத்திரம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர், “இந்த வருஷம் தண்ணி குறைவுதான்” என்றார். இவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். கல்யாணத்துக்குச் சரி சொன்னவளிடம் தண்ணீர்க் கணக்கு!

அதோடு அவர் வரவில்லை. இவளும் ஒன்றும் சொல்லவில்லை. மனசு மாறிவிட்டாரோ, மறுபடியும் அதே கதையோ என்று எனக்குப் பயம். யாரிடமாவது சொல்லியிருப்பேன். ஆனால் போன தடவை சம்பந்தம் கெட்டபோதே, “உன் ஓட்டை வாயை மூடிக்கிட்டு இருந்தா எல்லாம் நல்லா நடக்கும்டா” என்று நீ சொல்லியிருந்தாய். மூடிக்கொண்டேன். இரண்டு வாரம்! என் வாழ்நாளில் அப்படி மூடியதில்லை. கடைசியில் பொறுக்காமல் அவருடைய கடைக்கே போய்விட்டேன். பிரித்துப்போட்ட ஸ்பீக்கர்களுக்கு நடுவே தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏன் தம்பி, எங்க பிள்ளை உங்களுக்கு என்ன குறை வச்சா?”

“அவங்க பதிலே சொல்லலையே அங்கிள். ஜெபம் பண்ணிட்டிருக்காங்கன்னு காத்திருக்கேன்.”

“பதில் சொல்லலையா? சரின்னு சொன்னாளே! நான் பின்னால நின்னு கேட்டேனே!”

கையிலிருந்ததைக் கீழே வைத்தார். “எந்தப் பக்கம் நின்னு சொன்னாங்க?”

“இடது பக்கம்.”

“அந்தக் காது சின்ன வயசுக் காய்ச்சல்லயே போயிடுச்சு அங்கிள்.”

“மைக் ரிப்பேர் பண்றவருக்குக் காது கேக்காதா?”

“ஒண்ணு கேக்குதே” என்றவர் கடையைக்கூடப் பூட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் யார் என்று கேட்காதே.

மருந்துக்கடையில் கூட்டம். இவள் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் வரிசையைத் தாண்டிப் போய் வலது காதை நீட்டி, “அன்னிக்குச் சொன்னதை இந்தப் பக்கமா ஒரு தடவை சொல்லுங்க” என்றார். இவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கடை முழுக்கக் கேட்கும்படி, “சரி! சரின்னுதான் சொன்னேன்!” என்றாள். வரிசையில் இருமிக்கொண்டிருந்த ஒருவர், “ரெண்டு பேரும் நல்லா இருங்க, முதல்ல என் மருந்தைக் குடுங்கம்மா” என்றார்.

போன ஞாயிறு சபையில் மோதிரம் மாற்றினார்கள். அன்றைக்குப் போட்ட தூக்கத்தை நான் எத்தனை காலமாகப் போடவில்லை! இவ்வளவும் என் சாமர்த்தியத்தால் கூடியது என்று பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் நான் போயிருக்காவிட்டால் அவர் இன்னும் ஸ்பீக்கருக்கு நடுவேதான் இருந்திருப்பார். அத்தானுக்கு என் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் வீட்டைச் சமாதானத்தால் நிரப்பட்டும், உன் கோபத்துக்குக் கொஞ்சம் இடம் குறையட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி இதை உன் மருமகளிடம் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அந்தக் காது கேக்காதுன்னு எனக்கு ஆரம்பத்துலேயே தெரியும்ப்பா. முதல் சம்பந்தத்துல முகத்தைப் பார்த்துச் சரின்னு சொல்லி ஒரு தடவை பட்டாச்சு. அதான் கேக்காத பக்கமா ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கலை. எப்படியும் நீங்க அன்னிக்கே போய் அவர்கிட்ட உளறிடுவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் வாயே திறக்க மாட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்கிறாள். ஆகவே மேலே என் சாமர்த்தியம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. மாப்பிள்ளைக்கு இது தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். மனசு கேட்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், இடது பக்கமாக நின்று சொல்லிக்கொள்கிறேன்.