யோசனைத் திலகத்தின் செருப்பு

வேலை செய்கிறவர்கள், செய்யாதவர்கள் என்று மனிதரில் இரண்டே இனம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மூன்றாவது இனத்தை நீங்கள் கவனிக்கவில்லை. அது யோசனை சொல்லும். யோசனை மட்டும்தான் சொல்லும். கல்யாண வீட்டிலும் குடியிருப்போர் சங்கத்திலும் அதைக் காணலாம் என்றாலும், முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால் கேம் ஜாமுக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை காலை கூடி, சின்னச் சின்ன அணிகளாகப் பிரிந்து, ஞாயிறு மாலைக்குள் அணிக்கொரு கணினி விளையாட்டை உருவாக்கி அனுப்பிவிட வேண்டும். அதுதான் கேம் ஜாம். போன மாதம் திருவண்ணாமலை வேங்கிக்காலில் என் வீட்டு மாடிக் கூடத்தில் ஒன்று நடந்தது. மாடி என்னுடையது என்பதால் எட்டிப் பார்க்கும் உரிமையும் எனக்கு இருந்தது. அப்படித்தான் பரசுராமனைக் கண்டுகொண்டேன்.

எல்லாரும் லேப்டாப்போடு வந்தார்கள். பரசுராமன் சார்ஜ் இல்லாத கைபேசியோடும், அடுத்தவர் சார்ஜரைப் பிடுங்கிச் செருகும் தைரியத்தோடும் வந்தார். வந்ததும் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தார், மார்க்கரைப் பிடித்தார், இரண்டையும் கடைசிவரை விடவில்லை. "சும்மா ஒரு ஐடியாதான்" என்று ஆரம்பிப்பார். "கோடிங் ஒரு வரிதான்" என்று முடிப்பார். அந்த ஒரு வரியை அவர் வாழ்நாளில் எழுதியதுண்டா? நல்ல கேள்வி, ஆனால் யாரும் கேட்கவில்லை.

அவர் அணியில் வேலை செய்ய இரண்டு பேர். புரோகிராம் எழுத சிந்துஜா, படம் வரைய கோபி. சிந்துஜா இதற்கு முன் போன ஜாம்களில் ஒரு விளையாட்டைக்கூட முடித்ததில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பரசுராமன் இருந்தார். இந்த முறை எவ்வளவு சின்னதானாலும் சரி, ஒன்றை முழுசாக முடித்துவிட வேண்டும் என்ற வெறியோடு வந்திருந்தாள். அவள் சொன்ன விளையாட்டு இதுதான்: பௌர்ணமி அன்று வெறுங்காலோடு கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர், கோயில் வாசலில் மலைபோல் குவிந்த செருப்புகளுக்குள் தன் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

"சூப்பர்மா" என்றார் பரசுராமன். "ஆனா சின்னதா இருக்கு. ஒரு குரங்கு செருப்பைத் தூக்கிக்கினு ஓடணும். மழை வரணும். உலகம் பூரா ஆளுங்க ஆன்லைன்ல ஒரே நேரத்துல தேடணும்."

"அண்ணா, நாளைக்கு சாயந்திரம் முடிக்கணும்ணா."

"ஒரு வரிதானேம்மா!"

சனிக்கிழமை பொழுது சாய்ந்தபோது குரங்குக்கு அரை வால் முளைத்திருந்தது. செருப்பு ஒன்றுகூட இல்லை. சிந்துஜாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் பௌர்ணமி. காலை இட்லி முடிந்ததும் அவள் மிகுந்த பணிவோடு சொன்னாள்: "அண்ணா, கிரிவல அனுபவம்தான் இந்த கேமுக்கு உயிரு. எங்களுக்கு அந்த ஞானம் கம்மி. நீங்க ஒரு சுத்து போயி, ஜனங்க எப்படி நடக்குறாங்கன்னு பாத்துட்டு வந்து சொன்னீங்கன்னா..."

பரசுராமன் பூரித்துப் போனார். ஆராய்ச்சி! அதுவும் அவரே! வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்த பழுப்புச் செருப்பை மாடி வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, தலை நிமிர்ந்து படியிறங்கினார். அவர் தெரு முனை திரும்பியதும் சிந்துஜா, "குரங்கைத் தூக்கு" என்றாள். கோபி தூக்கினான். திரையில் மழையும் நின்றது.

அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது. "கோபி, இங்க கரும்பு ஜூஸ் கடை ஒண்ணு பாத்தேன். கேம்ல குடிச்சா வேகம் ஏறணும்!"

"அண்ணா, ஹலோ, பௌர்ணமி கூட்டம், டவரே கிடைக்கல, ஹலோ" என்று கணீரென்று சொல்லிவிட்டுக் கோபி போனை வைத்தான்.

பரசுராமன் நொண்டிக்கொண்டே திரும்பியபோது சிந்துஜா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிடுச்சுண்ணா. அனுப்பிட்டோம்." அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எத்தனை ஜாம் காத்திருந்தாள்!

விளையாட்டை எல்லார் முன்னிலையிலும் ஒருவர் ஆடிக் காட்ட வேண்டும் என்றார்கள். யார் எழுந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? திரையில் முதலில் ஒரு ஜோடி செருப்பு தோன்றி, குவியலுக்குள் மறைந்தது. பரசுராமன் அதைப் பார்க்கவில்லை. குரங்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு தேடினார், தேடினார், நேரம் முடிந்தது. சரியான ஜோடியைத் திரை காட்டியது.

"இதை எவன்பா போடுவான்? ஊக்குப் போட்ட செருப்பு! கொஞ்சம் நல்லதா வரைஞ்சிருக்கலாமே."

"உங்களுதுதாண்ணா" என்றான் கோபி. "வாசல்ல பாத்துதான் வரைஞ்சேன்."

கூடம் அதிர்ந்தது. பரசுராமன் அரை நொடி திகைத்தார். அரை நொடிதான். "அப்ப ஐடியா என்னோடதுதானே?" என்று சிந்துஜாவுக்குக் கை கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். முடித்தவளுக்குக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

இவ்வளவையும் ரசித்துப் படித்தீர்களே, நடுவில் எங்காவது, 'அந்தக் குரங்கை வைத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் பேசாமல் எழுந்துபோய் வாசலில் உங்கள் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். அதில் ஊக்கு இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.