நனையக் கூடாத படகு

எங்கள் ஊருக்கு வருஷம் தவறாமல் வெள்ளம் வரும். ஆறு ஒரு பக்கம், மேடு ஒரு பக்கம், நடுவில் எங்கள் பள்ளத்தெரு. வெள்ளத்துக்கும் வேறு போக்கிடம் இல்லை, எங்களுக்கும் இல்லை. இதை உத்தேசித்துத் தெருமுனையில் ஒரு பேரிடர் உதவி அலுவலகமும், அந்த அலுவலகத்துக்கு ஒரு படகும் வழங்கப்பட்டிருந்தன.

படகு அலுவலகத்துக்குப் பின்னால் மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும். தண்ணீர் ஏறினால் நாலு பேர் போய் நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வருவோம். ஆட்களை ஏற்றி மேட்டில் இறக்கிவிட்டு, மறுபடி கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதில் தரம் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது.

தரம் பிறகுதான் வந்தது. கழுத்தில் அட்டை தொங்க, தர மேம்பாட்டு ஆலோசகர் என்ற ரூபத்தில் ஒரு நாள் காலையில் வந்து இறங்கியது. அந்த வருஷம் எல்லா அலுவலகங்களிலும் தரம்தான் பேச்சு. முந்தின வருஷம் மூச்சுப் பயிற்சி. அது ஓய்ந்து எல்லோரும் சாதாரணமாக மூச்சு விட ஆரம்பித்திருந்தார்கள். நான் போர்டு எழுதுகிறவன். அன்றைக்கு அலுவலக வாசலில் ஏணி மேல் நின்று எழுதிக்கொண்டிருந்ததால் எல்லாமே என் காதில் விழுந்தது.

ஆலோசகர் படகைச் சுற்றி வந்தார். "என்ன சார் இது, இவ்வளவு கீறல்?"

"வெள்ளத்துல போகும்போது மதில்ல உரசும் சார்" என்றார் அலுவலக இயக்குநர்.

"என்னது, வெள்ளத்துல இறக்குறீங்களா இதை?"

"ஆமா சார்" என்றார் இயக்குநர், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல.

ஆலோசகர் கண்ணை மூடித் திறந்தார். "இந்தப் படகுக்கு இருக்கிற மிகப்பெரிய ஆபத்து எதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

"ஓட்டைங்களா சார்?"

"வெள்ளம் சார், வெள்ளம்! அது வர்ற வழியிலேயே கொண்டுபோய் வெச்சிருக்கீங்களே!"

இதற்கு மறுப்பே சொல்ல முடியாது. படகைப் பாதுகாப்பான உயரத்துக்குக் கொண்டுசெல்வதெனக் கொள்கையளவில் முடிவாயிற்று. மாடிக் கூடத்தின் முன்சுவரை இடித்தார்கள். கிரேன் வந்தது. படகு அந்தரத்தில் ஏறியதைப் பார்க்கத் தெருவே திரண்டது. உள்ளே வைத்ததும் சுவரை மறுபடி எழுப்பி, பெரிய கண்ணாடி பதித்து, யாரும் களவாடிவிடாதபடி இரும்புக் கம்பியும் போட்டார்கள். வர்ணம் வெடிக்காமலிருக்க ஏ.சி. வந்தது. படகின் விலாவில் 'உயிர் காப்போம்' என்று நிழல் விழும் எழுத்தில் நான்தான் எழுதினேன். என் கை அதுவரை அவ்வளவு அழகாக எழுதியதில்லை. தெருவில் எல்லோரும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தோம், குடும்பம் குடும்பமாகப் படம் பிடித்துக்கொண்டோம்.

என் தங்கை புருஷன் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் தையற்காரர், எதையும் வெட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்கிற புத்தி. "சார், மாடிப்படி வழியா இது இறங்காதே. வெள்ளம் வந்தா எப்படி வெளியே எடுப்பீங்க?"

"நல்ல கேள்வி" என்றார் ஆலோசகர். "ஆனா வெளியே எடுக்கறது பதில் நடவடிக்கை. நான் தயார்நிலை. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

பதிலின் தெளிவுக்காக எல்லோரும் கைதட்டினோம். மாப்பிள்ளையும் தட்டினார்.

அதன் பிறகு வாராவாரம் ஒத்திகை. துடுப்பு என்று நாங்கள் கூப்பிடும் படகோட்டி மிதவைச் சட்டையோடு மாடியில் படகேறி உட்கார்ந்து காற்றில் துடுப்புப் போடுவான். டைப்பிஸ்ட் அம்மா பீரோ ஓரத்தில் நின்று, ஏ.சி. சத்தத்தை மீறாமல், "காப்பாத்துங்க" என்பார். துடுப்புக்கு அந்தத் தொழில் நாளுக்கு நாள் மெருகேறியது. "தண்ணில இந்த நேர்த்தி வராதுண்ணே. அது இழுக்கும்" என்று என்னிடமே சொன்னான். ஆண்டு இறுதியில் தயார்நிலையில் முதலிடம் என்று கேடயம் வந்தது. விழாவுக்குப் போட்டுக்கொள்ள இயக்குநர் மாப்பிள்ளையிடம் சபாரித் துணி கொடுத்தார்.

துணி தைத்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மதியத்துக்குள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் தங்கைக்கு மாசம் நிறைந்திருந்தது. வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியோ மேட்டில் இருக்கிறது. நானும் மாப்பிள்ளையும் தண்ணீரை உழக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினோம். மாடியில் இயக்குநர் இருந்தார், ஆலோசகரும் இருந்தார். துடுப்பு மிதவைச் சட்டையோடு படகுக்குள் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"சார், தங்கச்சிக்கு வலி வந்திடுச்சு. படகைக் குடுங்க!"

"தாராளமா. அதுக்குத்தானே இருக்கோம்" என்றார் இயக்குநர். "தண்ணி எவ்வளவு வந்திருக்கு?"

"இடுப்பு வரைக்கும் சார்."

இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார்.

"பத்தாதே" என்றார் ஆலோசகர். "மாடி வரைக்கும் வந்ததுன்னா படகு தானா மிதந்திடும். நாம கை வைக்கவே வேண்டாம்."

"மாடி வரைக்கும் வந்தா ஊரே இருக்காதே சார்!"

"அவசரப்படாதீங்க. அவசர காலத்துல முதல்ல கத்துக்க வேண்டியது அதுதான்."

"சுவரை இடிங்க சார். ஆள் இருக்கோம், நாங்களே இடிக்கிறோம்."

"இடிச்சா சாரல் அடிக்குமே. படகு நனைஞ்சிடாதா?" என்றார் ஆலோசகர். உண்மையிலேயே பதறிப் போயிருந்தார்.

துடுப்புக்கு மட்டும் மனசு இளகியது. "அண்ணே, உங்க தங்கச்சியை இங்க கூட்டிட்டு வந்திடுங்க. நான் ஏத்திக்கிறேன்."

"இங்க கூட்டிட்டு வர முடிஞ்சா ஆஸ்பத்திரிக்கே போயிடுவோமேடா!" என்று நான் கத்தினேன்.

"வாங்க மச்சான்" என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார்.

கீழே காவலாளி வழியை மறித்தார். வாசலில் மக்கள் கருத்தறியும் பெட்டி ஒன்று உண்டு. மேலே சிரிக்கும் முகம், நடுவில் சும்மா இருக்கும் முகம், கீழே அழுகிற முகம். ஏதாவதொன்றை அமுக்கினால்தான் கதவு திறக்கும். அழுகிற முகமும் சும்மா இருக்கும் முகமும் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தன. நாங்கள் சிரித்த முகத்தை அமுக்கிவிட்டு வெளியே ஓடினோம்.

கடையில் மாப்பிள்ளையின் துணி வெட்டும் மேசை இருந்தது. பெரிய பலகை, அவர் பிழைப்பே அதன் மேல்தான். அதைக் கவிழ்த்தார். காலித் தண்ணீர்க் கேன்களைச் சுற்றிலும் வைத்துக் கட்டக் கயிறு தேடினார்; கிடைக்கவில்லை. இயக்குநரின் சபாரித் துணியை எடுத்து, அளவெடுக்காமல், நீளநீளமாகக் கிழித்தார். அவர் அளவெடுக்காமல் துணியில் கை வைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேசையின் நாலு காலுக்கும் நடுவில் தங்கையைப் படுக்க வைத்துத் தள்ளினோம். தண்ணீர் மார்புக்கு ஏறிவிட்டது. "அண்ணே, விட்டுடாதே, அண்ணே, விட்டுடாதே" என்று அவள் என் விரலை நெரித்தாள். நான் அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப்போகிறது? அலுவலகத்தைத் தாண்டும்போது மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் வரிசையாக நின்று எங்களைப் படம் பிடித்தார்கள். துடுப்பு கையசைத்தான்.

ஆஸ்பத்திரிப் படியில் மேசை இடித்து நின்றது. உள்ளே தூக்கிக்கொண்டு போன சற்று நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். கடவுளுக்கு அடுத்தபடியாக அந்த மேசைக்குத்தான் கும்பிடு போட்டேன்.

வெள்ளம் வடிந்தது. கருத்தறியும் பெட்டியைத் திறந்து பார்த்ததில், உதவி கேட்டு வந்த அத்தனை பேரும் சிரித்த முகத்தையே தேர்ந்தெடுத்திருந்தது தெரியவந்தது. எந்த அலுவலகத்திலும் இப்படி நடந்ததில்லையாம். ஆலோசகர் நேரே தையற்கடைக்கு வந்து, மேசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான் சார் பதில் நடவடிக்கை! மக்கள் பங்கேற்போட, சொந்தப் பொருளை வெச்சு! ஆனா இவ்வளவு கீறலோட இங்க விட்டு வைக்கிறது ஆபத்து. அடுத்த வெள்ளத்துல இது என்ன ஆகும்?"

மறுபடி கிரேன் வந்தது. மாடிச் சுவரை மறுபடி இடித்தார்கள். கடையிலிருந்து கிரேன் வரைக்கும் மேசையை நாங்களே தோளில் சுமந்து போனோம், ஊர்வலமாக. மாப்பிள்ளைக்கு இயக்குநர் கைகொடுத்தார். அந்தப் படம் பேப்பரில் வந்தது. சுவர் அன்று முழுவதும் வாய் பிளந்து கிடந்தது. நாங்கள் பத்துப் பேர் ஏறிப்போய், தோள் கொடுத்து, படகைச் சற்று உள்ளே நகர்த்தி மேசைக்கு இடம் பண்ணினோம். சாயங்காலத்துக்குள் சுவரை எழுப்பிக் கண்ணாடியும் பதித்தாயிற்று. மேசை மேல் 'தொடாதீர்கள்' என்று சிவப்பில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். படகில் எழுதியதைவிட நன்றாகவே வந்தது.

பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது தூறல் ஆரம்பித்தது. கடையில் மாப்பிள்ளை தரையில் மண்டி போட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மேசை இருந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"அண்ணே, மேசை எங்கே?"

"மாடியில இருக்கும்மா" என்றேன். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. அங்கெல்லாம் தண்ணி வராது."