மஞ்சள் விளக்கு விசாரணைக் குழு

எந்தப் பிரச்சினையையும் கூட்டம் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் கடலூர்தான். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் "கடலூர் விழிப்புணர்வுப் பேரவை"யின் தீர்மானப் புத்தகங்களை வந்து புரட்டிப் பார்க்கலாம். மொத்தம் இருபத்திரண்டு. எல்லாம் என் கையெழுத்து. நான்தான் செயலாளர்.

2011 ஜூன் மாதம் எங்கள் தலைவர் காசிநாதன் ஒரு கார் வாங்கினார். சென்னையில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதன் நான்கு டயர்களுக்குள்ளும் 'சென்சார்' உட்கார்ந்திருக்கிறதாம். காற்று குறைந்தால் ஓட்டுகிறவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியுமாம். ஒரு கார் தன் குறையைத் தானே சொல்கிறது என்றால் அதைப் பாராட்டாமல் இருப்பது எப்படி? விழா எடுத்தோம்.

தலைவர் வீட்டு வாசலில் பன்னிரண்டடி பிளக்ஸ். "விழிப்பின் வடிவமே வருக" என்ற வாசகம் என்னுடையது. மரச்சட்டத்தில் அதை அடித்ததும் நானே. வேறு யாராவது அடித்தால் அந்தக் கடற்கரைக் காற்றுக்கு இரண்டே நாளில் கிழிந்து தொங்கும். நான் ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சோடா மூடியைக் கோத்து அடிப்பேன். கிழியவே கிழியாது. மாவட்டத்தில் இந்த உத்தி எனக்கு மட்டுமே தெரியும். காருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அது பானட்டிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்ததால், துணைத்தலைவர் செம்பியன் விழா முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது.

தலைவரின் மகள் சுவேதா அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். காரோடு வந்த கையேட்டை ஒரு மத்தியானம் முழுக்கப் படித்துவிட்டு வந்தாள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சென்சாரில் கோளாறு, நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு, இது நிலையாக எரிகிறது, பெட்ரோல் பங்கில் சும்மாவே காற்றுப் பிடித்துத் தருவார்கள் என்றாள். பேரவையில் அவள் உறுப்பினர் இல்லை. எனவே அந்தக் கருத்து பதிவாகவில்லை.

விசாரணைக் குழு அமைத்தோம். முதல் அமர்வில் நான்கு டயர்களையும் காலால் உதைத்துப் பார்த்தோம். நான்கும் ஒரே மாதிரி உதை வாங்கின. இரண்டாம் அமர்வில், எரிவது மங்களகரமான மஞ்சளாக இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்று செம்பியன் தெரிவித்த கருத்து கைதட்டலோடு ஏற்கப்பட்டது. மூன்றாம் அமர்வில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். விளக்கு அணையவில்லை. பழம் சரியில்லை என்று குறிப்பு எழுதினேன்.

நான்காம் அமர்வில்தான் அந்தச் சாதனை நிகழ்ந்தது. எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் செம்பியன், சட்டைப்பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து ஒரு துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டினார். விளக்கு மறைந்தது. கோளாறு "முற்றிலும் சரி செய்யப்பட்டது" என்று தீர்மானம் நிறைவேறியது. காருக்குப் போர்த்திய அதே பொன்னாடையைச் செம்பியனுக்குப் போர்த்தினோம். அவர் மேல் அது வழுக்கவில்லை.

மறுநாள் சுவேதாவுக்குச் சிதம்பரத்தில் பொறியியல் கவுன்சிலிங். பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது அங்கே இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். இரண்டு வருஷமாக அந்த ஒரு சீட்டுக்காகத்தான் அவள் படித்தாள். காலையில் ஏழரை பஸ்ஸுக்கே போகிறேன் என்று கெஞ்சியும் பார்த்தாள். கார் வாங்கியதே இதற்குத்தான் என்றார் தலைவர். பேரவை சார்பில் நானும் செம்பியனும் ஏறிக்கொண்டோம். சீட்டு கிடைத்ததும் அங்கேயே பாராட்டுவதற்காக மைக் செட் கொண்டுபோனோம். அதற்கு இடம் வேண்டுமே, ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டோம்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் கார் இடதுபக்கமாக இழுத்தது. சுவேதா சர்ட்டிபிகேட் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த டேப்ப எடுத்துட்டுப் பாருங்க. காத்து எறங்குது."

"சும்மா இரும்மா. வெளக்கே எரியல, காத்து எப்படி எறங்கும்?" என்றார் தலைவர்.

இவ்வளவு தெளிவான கேள்வியை நான் பொதுவாழ்வில் கேட்டதே இல்லை. உடனே குறித்துக்கொண்டேன்.

புதுச்சத்திரத்தில் கார் தடதடவென்று ஆடி நின்றது. பின்பக்க இடது டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. மணி பத்து. புளியமரத்தடியில் அவசரக் கூட்டம் கூட்டினோம். நான் வரவேற்புரை ஆற்றினேன். செம்பியன் "டயர்களும் நாமும்" என்று பேசினார். தலைவர் நன்றியுரையில் மகளைக் குறிப்பிடுவதற்காகத் திரும்பினார். மகள் இல்லை. வரவேற்புரையின்போதே சிதம்பரம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள் என்று எதிர்ச்சாரியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இருசம்மாள் சொன்னார். தலைவருக்கு முகம் செத்துவிட்டது. மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருசம்மாள் சக்கரத்தைக் கழற்றி, டயரைத் தடவிப் பார்த்து, குறடால் ஒன்றைப் பிடுங்கினார். ஆணி. அதன் கொண்டையில் நசுங்கிப்போன சோடா மூடி.

"முப்பது வருசமா ஆணி புடுங்குறேன், இந்த மாதிரி பாத்ததில்ல," என்றார். "மூடி இருக்கவே கீழ விழுந்தா படுக்காது, நிமிந்து நிக்கும். டயருக்குன்னே யாரோ யோசிச்சு செஞ்சாப்புல இருக்கு."

செம்பியன் என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு மணி. சுவேதா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்து ஐம்பத்தைந்துக்கு ஓடிவந்து சேர்ந்தாளாம். கேட்ட பிரிவே கிடைத்திருந்தது. தலைவர் அழுதேவிட்டார். பிறகு ஆணியை அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைக் செட்டை இறக்க வேண்டாம் என்றாள். காரில் ஏறியதும் முதல் வேலையாக விளக்கின் மேலிருந்த டேப்பை உரித்துப் போட்டாள்.

பேரவை சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு வாசலில் பதினைந்தடி பிளக்ஸ். "சுவேதாவைச் சிதம்பரத்துக்கு வழிநடத்திய பேரவை வாழ்க." தலைவர், செம்பியன், நான் மூவரும் ஆளுயரத்துக்குச் சிரித்தோம். சுவேதா மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாள். கடைசி மூடியை அடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். அவள் அந்தப் பழைய ஆணியோடு வந்து நின்றாள்.

"மாமா, எத்தன ஆணி கொண்டாந்தீங்க? எத்தன அடிச்சிருக்கீங்க? எண்ணிப் பாத்துட்டு ஏணிய எடுங்க."

அவள் உள்ளே போனதும் எண்ணினேன். கொண்டுவந்தது நாற்பது. சட்டத்தில் இருந்தது முப்பத்தொன்பது. தலைவர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் கத்தியிருப்பான். நான் விழிப்புணர்வு உள்ளவன். செம்பியனுக்குப் போன் போட்டு, டேப் கொண்டுவரச் சொன்னேன்.